பஸ்ரியனைத் துரத்திய பாட்டு

பேசாலையில் பஸ்ரியனைப் பற்றிச் சொல்லப்படும் கதைகளில் பாதி சுத்தப் புளுகு. அவருக்குப் பேய் பிடித்திருந்தது என்பார்கள். சிலாவத்துறைப் பக்கம் இன்னொரு குடும்பம் இருந்தது என்பார்கள். வாய் இருந்தால் எதையும் சொல்லலாம். நான் பக்கத்து வீட்டுக்காரி. அவருடைய மகள் அன்ரோனெற்றும் நானும் ஒரே நாளில் முதல் நன்மை, அதாவது முதல் நற்கருணை, எடுக்க இருந்தவர்கள். அந்த நாளில் நடந்ததை என் கண்ணால் பார்த்தேன். ஆகவே மற்றவர்கள் கொஞ்சம் வாயை மூடிக்கொண்டிருக்கட்டும்.

பஸ்ரியன் கரைவலை இழுக்கிறவர். இழுக்கிறவர் என்று சும்மா சொல்லிவிட முடியாது. இரண்டு பக்கமும் ஆட்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்க, வலை இழுக்கும்போது பாடுகிற அம்பாப் பாட்டை அவர்தான் எடுத்துக் கொடுப்பார். அவர் குரல் ஏறினால் கால்கள் தானாகவே பின்னே வரும், வலை கரைக்கு வரும். அந்தக் குரலுக்காகவே வலைச் சொந்தக்காரரான சம்மாட்டிமார் அவரை ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். இதெல்லாம் நான் பிறக்குமுன் நடந்தது. எனக்கு நினைவு தெரிந்தபோது அவர் கயிற்றை மட்டும் பிடிப்பார், வாயைத் திறக்கமாட்டார். அதுவும் ஊரில் நிற்கிற நாட்களில்தான். அவர் ஊரில் நின்ற நாட்களோ கொஞ்சம்.

காரணம் ஒரு பாட்டு. எங்கள் கோயிலில் பிள்ளைகளுக்கு உபதேசியார் சொல்லிக்கொடுக்கும் பாட்டு அது.

*சின்னக் குடத்தில் நீர் வைத்தேன்,*
*சேசு பாலா வாரும்;*
*என்னிடம் உள்ளது இவ்வளவே,*
*ஏந்திக் குடித்துப் பாரும்.*

*வெய்யில் நடந்து களைத்தீரே,*
*வீட்டு நிழலில் சாரும்;*
*கையில் ஏந்தித் தருகின்றேன்,*
*களைப்பும் தாகமும் தீரும்.*

இதைத் தானே கட்டியதாக அமிர்தநாயகம் உபதேசியார் சொல்லிக்கொள்வார். ஒருவரும் நம்பவில்லை. யார் கட்டினால் என்ன, பேசாலையில் நடக்கத் தெரிந்த பிள்ளைக்கெல்லாம் அது தெரியும். தண்ணீர் அள்ளப் போனால் அதுதான், தொட்டில் ஆட்டினாலும் அதுதான். முதல் நன்மைக்கு முந்தின வாரம் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். நன்மை எடுக்கப்போகிற பிள்ளைகள் நாளும் பின்னேரம் சிலுவை நட்ட குருசடியிலிருந்து கோயில் வரைக்கும் வரிசையாகப் பாடிக்கொண்டு போவார்கள். அந்த வரிசை பஸ்ரியன் வீட்டு வேலியைத் தொட்டுக்கொண்டுதான் போகும்.

பாட்டுக் காதில் விழுந்ததும் மனிதர் எழுந்துவிடுவார். சாப்பிட்டுக்கொண்டிருந்தால் சோற்றுக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு எழும்புவார். சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளிக்கிடுவார். ஒருமுறை கட்டுக்கரைப் பக்கம் நெல் அரிவு வெட்டப் போனார். அங்கே வேலைக்கு வந்திருந்த வங்காலைப் பெண்ணொருத்தி பிள்ளையைத் தாலாட்டியதும் இதே பாட்டுத்தான். அரிவாளை வரப்பில் வைத்துவிட்டு நடந்தார். சிலாவத்துறை மீன்வாடியில் ஒரு பையன் சட்டி கழுவிக்கொண்டு இதே மெட்டை வாய்க்குள் முணுமுணுத்தான். அங்கிருந்தும் போனார். இப்படி ஒரு மனிதன் ஊர் ஊராக ஓடினால், பின்னால் பாட்டும் ஓடிக்கொண்டுதானே இருக்கும்? எனக்குச் சின்ன வயதில் அவரைப் பார்த்தால் எரிச்சல்தான் வரும். பாட்டுக்குப் பயந்த ஆம்பிளை என்று அன்ரோனெற்றுக்கு முன்னாலேயே நான் பழித்திருக்கிறேன். அவள் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

ஊர் சொன்ன காரணம் இது. தலைமன்னாருக்கு ரயில் பாதை போட்ட காலத்தில் ஊருக்குள் கோதாரி வந்தது. இன்றைக்குக் கோபம் வந்தால் வாயில் வருகிற அந்தச் சொல் அன்றைக்கு வாந்திபேதியின் பெயர். பஸ்ரியனின் மூத்த மகள் அருளம்மா அதில்தான் போனாள். ஏழு வயது, நன்மைக்குப் படித்துக்கொண்டிருந்த பிள்ளை. வழியெல்லாம் பொலிசு அடைத்திருந்ததால் சுவாமியார் வர முடியவில்லை. நோயில் செத்தவர்களைச் சேமக்காலையில் அடக்கம் செய்ய விடவுமில்லை. ஊருக்கு வெளியே உடைமரக் காட்டுக்குள் குழி வெட்டி, சுண்ணாம்பு கொட்டி மூடினார்கள். மணி இல்லை, செபம் இல்லை. அந்தக் கோபத்தில்தான் பஸ்ரியன் கோயிலை விட்டார், பாட்டையும் வெறுத்தார் என்று ஊர் சொன்னது. அவருடைய மனைவி திரேசம்மாவும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தா. நோய் பரவியபோது அவ அன்ரோனெற்றை வயிற்றில் சுமந்துகொண்டு தோட்டவெளியில் தாய் வீட்டில் இருந்தா. அடைத்த வழி திறந்து அவ ஊருக்கு வந்தபோது வீட்டில் அருளம்மா இல்லை, சட்டையும் இல்லை, பாயும் இல்லை. எல்லாவற்றையும் எரித்துவிட்டிருந்தார்கள்.

எங்கள் முறை வந்தது. முதல் நன்மைக் காலையில் தகப்பன்தான் பிள்ளையின் கையைப் பிடித்துக் குருசடியிலிருந்து கோயில் வாசல்வரை கூட்டிக்கொண்டு போகவேண்டும். எங்கள் ஊர் வழக்கம் அது. தகப்பன் இல்லாத பிள்ளையை ஞானத்தகப்பன் கூட்டிப்போவார். தகப்பன் உயிரோடு இருக்க ஞானத்தகப்பன் கையைப் பிடித்துப் போவதென்றால், அதைவிட அந்தப் பிள்ளையை வெறுங்கழுத்தோடு சந்தையில் நிறுத்தலாம். அன்ரோனெற்றுக்கு வெள்ளைச் சட்டை தைத்தாயிற்று. அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: அப்பு வருவாரா?

பாட்டு வரிசை தொடங்கிய முதல் நாள், வரிசை கிளம்புமுன், வேலிக்கு இந்தப் பக்கம் நின்று நான் எல்லாவற்றையும் கேட்டேன். ஒட்டுக்கேட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

“எங்கை வெளிக்கிடுறியள்?” என்றா திரேசம்மா.

“தலைமன்னாருக்கு. ஜுனைதீன் காக்காவின்ர வாடியில வேலை இருக்காம்.”

“ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக்கு நன்மை.”

“தெரியும்.”

“தெரிஞ்சுகொண்டோ போறியள்? அவள் என்ன பாவம் செய்தவள்? செத்த பிள்ளைக்காக உயிரோட இருக்கிற பிள்ளையைச் சாக்காட்டுறியள். இந்தமுறை அவளின்ர கையைப் பிடிக்க வராட்டி, பிறகு இந்தப் படலையைத் திறக்கவேண்டாம். சொல்லிப்போட்டன்.”

பஸ்ரியன் படலையைத் திறந்துகொண்டு போய்விட்டார். அன்ரோனெற் அன்றைக்கு வரிசையில் எனக்குப் பக்கத்தில் நின்று, தொண்டை கிழியப் பாடினாள். தகப்பனுக்குக் கேட்க வேண்டும் என்று பாடினாளா, கேட்டுத் தொலையட்டும் என்று பாடினாளா என்று எனக்குத் தெரியாது.

அடுத்து நடந்ததை ஜுனைதீன் காக்கா பின்னொரு நாள் கருவாடு எடுக்க வந்தபோது என் ஐயாவிடம் சொன்னார். முஸ்லிம் ஆட்களுக்குக் காக்கா என்றால் அண்ணன்; அவர் தலைமன்னாரில் மீன் காயவைக்கும் வாடி போட்டுத் தொழில் செய்தவர். பஸ்ரியன் ஓடிப்போகும் இடங்களில் அவர் அடிக்கடி போன இடம் அது. முஸ்லிம் ஆட்களின் வாடி என்பதால் அங்கே அந்தப் பாட்டு வராது என்று நினைத்திருக்கிறார் பாவம்.

சனிக்கிழமை மத்தியானம் மீன் காயப்போட்டுவிட்டு ஆட்கள் கொட்டிலுக்குள் படுத்திருந்தார்கள். பஸ்ரியன் திடுக்கிட்டு எழும்பி உட்கார்ந்து, “இஞ்சயுமோ? ஆர் அந்தப் பாட்டுப் பாடினது?” என்று கத்தினார்.

ஜுனைதீன் காக்கா சிரித்தாராம். “நீதான் பாடினது. வேற ஆரு?”

“நானோ?”

“ஓம். வாற நேரமெல்லாம் நித்திரையில பாடுறாய். உன்னட்டக் கேட்டுக் கேட்டு எனக்கே பாடமாப் போச்சு. என்ர மனுசி சிரிக்கிறா.” பிறகு காக்கா சிரிப்பை விட்டுவிட்டுச் சொன்னார்: “ஒரு அடி பாடுறாய், பிறகு ‘குடி மகள், குடி’ எண்டு சொல்லுறாய். திரும்ப ஒரு அடி பாடுறாய். நல்ல தகப்பன் எண்டு நான் நினைக்கிறனான். கனவிலயும் பிள்ளைக்குத் தண்ணி குடுக்கிறான் எண்டு.”

அதைக் கேட்டதும் பஸ்ரியன் நெற்றியைத் தரையில் முட்டிக்கொண்டு குழறி அழுதாராம். காக்கா பயந்துபோனார். அன்றைக்குத்தான், கூடப் பிறக்காத அந்த மனிதரிடம், அவர் முதல்முதலாக உண்மையைச் சொன்னார்.

கோதாரி கண்டவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தால் நோய் ஏறும் என்று அந்தக் காலத்தில் எல்லோரும் நம்பினார்கள். வைத்தியர் சொன்னார், ஊர்ப் பெண்கள் சொன்னார்கள். பிள்ளையின் கையைக் காலைக் கட்டியாவது தண்ணீர் கொடாமல் வைத்திருக்கச் சொன்னார்கள். அருளம்மா தண்ணீர் தண்ணீர் என்று கேட்டாள். பஸ்ரியன் தண்ணீர்க் குடத்தைத் தூக்கி வெளியே, அவள் கண்ணில் படாத இடத்தில் வைத்தார். பிள்ளை அழுதாள். “பாட்டைப் பாடு மகள், பாடினால் தாகம் தெரியாது” என்றார். அவள் சொன்ன சொல் கேட்கிற பிள்ளை. பாடினாள். குரல் போனபிறகு உதட்டால் பாடினாள். பாடிக்கொண்டே போனாள்.

இத்தோடு நின்றிருந்தால் மனிதர் ஒருவேளை தாங்கியிருப்பார். அடுத்த வருடம் தலைமன்னார் இறங்குதுறை வேலைக்குப் போன இடத்தில் மறுபடி அதே நோய். அங்கே மருந்து கொடுத்த அப்போதிக்கரி ஐயா நோயாளிகளுக்கு உப்புப் போட்ட தண்ணீரை வாளி வாளியாகக் கொடுக்கச் சொன்னார். குடித்தவர்களில் பலர் எழும்பி உட்கார்ந்தார்கள். பஸ்ரியன் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அன்றைக்கே வேலையை விட்டு நடக்கத் தொடங்கினவர்தான்.

ஜுனைதீன் காக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னது இவ்வளவுதான்: “பஸ்ரியன், பாட்டு உன்ர வாய்க்குள்ள இருக்கு. நீ எங்க ஓடி என்ன செய்யப் போறாய்? உயிரோட இருக்கிறவளின்ர கையையாவது போய்ப் பிடி. நான் சொல்லுறன், போ.”

ரயில் பின்னேரம்தான் இருந்தது. ரயிலுக்குக் காத்திருக்க அந்த மனிதரால் முடியுமா? கடற்கரையோடு நடந்தார்; வீட்டுப் படலையைத் திறக்கத் துணியாமல் இரவை மணலிலேயே கழித்தாராம்.

ஞாயிறு காலையில் குருசடியடியில் நாங்கள் வெள்ளைச் சட்டையோடு நின்றோம். என் ஐயா என் கையைப் பிடித்திருந்தார். அன்ரோனெற்றின் பக்கத்தில் ஞானத்தகப்பன் சங்கடத்தோடு நின்றார். அப்போது மணலில் காலை இழுத்துக்கொண்டு பஸ்ரியன் வந்தார். சால்வையெல்லாம் உப்பு. நேரே வந்து மகளின் கையைப் பிடித்தார். அன்ரோனெற் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, “இப்ப என்ன சொல்லுறாய்?” என்று கேட்ட பார்வை அது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

திரேசம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டா. ஆனாலும் கண் கலங்கியிருந்தது.

பாடிக்கொண்டு கோயில் வாசலுக்கு வந்தோம். பஸ்ரியனின் முகத்தில் இரத்தமே இல்லை. பிடித்த கையை விடவில்லை. வாசலுக்கு வந்து பார்த்தால் சுவாமியார் இல்லை. தோட்டவெளியில் சாகக் கிடந்த ஒருவருக்கு அவஸ்தை, அதாவது கடைசி எண்ணெய்ப் பூசுதல், கொடுக்கப் போனவர் இன்னும் திரும்பவில்லை. வண்டி மணலில் இறுகிவிட்டதென்று ஆள் வந்து சொன்னான்.

காத்திருந்தோம். வெயில் ஏறியது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு விளங்காது. அந்த நாளில் நன்மை எடுக்கிறவர் நடுச்சாமத்துக்குப் பிறகு பச்சைத் தண்ணீரும் பல்லில் படவிடக்கூடாது. பட்டால் அன்றைக்கு நன்மை இல்லை. எங்களுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அன்ரோனெற் மெலிந்த பிள்ளை. அவளுக்குக் கண் சொருகியது, ஒருமுறை ஆடி விழப்பார்த்தாள். “அப்பு, தண்ணி” என்று மெல்லச் சொன்னாள்.

உபதேசியார் ஓடிவந்தார். “சொட்டுத் தண்ணியும் ஏலாது. கொஞ்சம் பொறு பிள்ளை. எல்லாரும் பாட்டைப் பாடுங்கோ. பாடினால் தாகம் தெரியாது.”

அந்த மனிதர் நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். பஸ்ரியனுக்கு அது எப்படிக் கேட்டிருக்கும் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

நாங்கள் பாடத் தொடங்கினோம். சின்னக் குடத்தில் நீர் வைத்தேன் என்று அன்ரோனெற்றின் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. பஸ்ரியன் அந்த உதட்டையே பார்த்தார். பிறகு அவள் கையை விட்டார். கிணற்றடிக்கு ஓடி, ஒரு செம்பில் தண்ணீரோடு திரும்பி வந்தார்.

பெண்கள் சுற்றி வளைத்துக்கொண்டார்கள். எல்லோருக்கும் முன்னால் திரேசம்மா.

“உங்களுக்கு விசரே? இவ்வளவு பாடுபட்டுப் பிள்ளையை இதுவரைக்கும் கொண்டுவந்தனான். கெடுக்கவோ வந்தனீங்கள்?”

“தள்ளு.”

“தள்ளமாட்டன்.”

அப்போதுதான் பஸ்ரியனின் முழுக் குரலை நான் முதன்முதலாகக் கேட்டேன். கடற்கரையெல்லாம் கேட்கிற அந்தக் குரல். “அருளம்மாவும் கேட்டவள்! நான் குடுக்கேல்ல திரேசம்மா. குடத்தைத் தூக்கி வெளியால வைச்சனான். பாட்டுப் பாடு, தாகம் தெரியாது எண்டனான். பிள்ளை சாகுமட்டும் பாடினவள். தண்ணி குடுத்திருந்தால் இருந்திருப்பாள். துறையில என்ர கண்ணால பாத்தனான், குடிச்சவை பிழைச்சவை. நான்தான்... நான்தான் குடுக்கேல்ல.”

திரேசம்மா அவரையே பார்த்துக்கொண்டு நின்றா. அடிக்கப் போகிறா என்றுதான் நினைத்தேன். கையை நீட்டினா, செம்பை அவர் கையிலிருந்து வாங்கினா. அன்ரோனெற்றுக்கு முன்னால் முழங்காலில் இருந்தா.

“குடிச்சா நன்மை இல்லையே அம்மா?”

“இண்டைக்கு இல்லை. நீ குடி மகள்.”

அன்ரோனெற் குடித்தாள். அடுத்ததாகச் செம்புக்குக் கை நீட்டியது நான்தான். ஐயா என் தோளைப் பிடித்து இழுத்தார், ஆனால் அதற்குள் இரண்டு மடக்குக் குடித்துவிட்டேன். பிறகு செம்பை நிரப்பி நிரப்பி வரிசை முழுவதும் குடித்தது. உபதேசியார் தலையில் கைவைத்துக்கொண்டு படியில் இருந்துவிட்டார். பேசாலையில் ஒரு முதல் நன்மை நாளில், ஒரு பிள்ளைகூட மிச்சமில்லாமல் உபவாசத்தை முறித்தது அந்த முறைதான்.

சுவாமியார் வந்து சேர்ந்தார். வெள்ளைக்காரர், தாடியெல்லாம் புழுதி. உபதேசியார் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினார். சுவாமியார் எங்கள் ஈரச் சட்டைகளைப் பார்த்தார், பஸ்ரியனைப் பார்த்தார். திட்டுவார் என்று நாங்கள் ஒருவர் பின்னால் ஒருவர் ஒளிந்தோம். பெரியவர்களுக்குப் பூசை வைக்கிறேன், பிள்ளைகளுக்கு அடுத்த ஞாயிறு என்று மட்டும் சொன்னார். பஸ்ரியன் செய்தது சரி என்றும் சொல்லவில்லை, பிழை என்றும் சொல்லவில்லை.

பஸ்ரியன் வழியை விட்டு நகரவில்லை. “சுவாமி, ஒண்டு கேக்கவேணும். கனகாலமாக் கேக்க நினைச்சு ஓடித்திரியிறன். என்ர பிள்ளை கடைசியாப் பாடினது செபமோ? இல்லாட்டி என்னட்டத் தண்ணி கேட்டுக் கேட்டுத்தான் பாடினவளோ? அதைச் சொல்லுங்கோ.”

சுவாமியார் அவர் தோளில் கைவைத்தார், அவ்வளவுதான். அவருக்குத் தமிழ் குறைவு என்று ஊரார் பிறகு சொன்னார்கள். தமிழ் நிறைய இருந்தாலும் என்ன சொல்லியிருப்பார்?

திரேசம்மாதான் பேசினா. வெறுஞ் செம்பு இன்னும் கையில் இருந்தது. “நீங்கள் பாட்டுக்குப் பயந்து ஓடினியளே ஒழிய, அதில என்ன இருக்கெண்டு ஒருக்காலும் கேக்கேல்ல. தண்ணி தா எண்டு அதில எங்கை இருக்கு? தண்ணி வைச்சிருக்கிறன், வாரும், குடியும் எண்டெல்லோ இருக்கு. அவள் கேக்கேல்ல. அந்தத் தாகத்திலயும் குடுத்துக்கொண்டு போயிருக்கிறாள், என்ர பிள்ளை.”

பஸ்ரியன் அப்படியே மணலில் இருந்துவிட்டார். அவர் அழுத சத்தத்தில் கோயிலுக்குள் இருந்தவர்களும் வெளியே வந்தார்கள். திரேசம்மா பக்கத்தில் இருந்து அவர் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டா. அத்தனை பேருக்கும் முன்னால், எங்கள் ஊரில், அந்தக் காலத்தில்.

அடுத்த வாரமும் பின்னேரங்களில் வரிசை போனது. பஸ்ரியனின் வேலியைக் கடந்தபோது நாங்கள் குரலைக் குறைத்தோம். வேலிக்கு உள்ளேயிருந்து, கரகரத்த ஒரு குரல், மெட்டுக் கொஞ்சம் பிசகி, எங்களோடு சேர்ந்து பாடியது. பாதியில் உடைந்து நின்றது. மறுபடி முதலடியிலிருந்து தொடங்கியது.